படிக்கத்தில் வைத்த செவ்வரத்தை

ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு மத்தியானம் யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் இறங்கி நின்று பாருங்கள், உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள்ளேயே ஒளித்துக்கொள்ளும். சூரியன் அந்த நாட்களில் எங்கள் உச்சிக்கு நேரே நிற்கிறது. வடக்கே போய்த் திரும்பி ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை அதே இடத்துக்கு வரும். இந்த இரண்டு உச்சிக்கும் இடையில் கிடக்கிற நாலரை மாதத்தை எப்படிக் கழிப்பது என்பதுதான் எங்கள் ஊர்ச் சனத்துக்கு வருடா வருடம் வருகிற கேள்வி. வசதியுள்ளவர்கள் நுவரெலியாவுக்குப் போகிறார்கள். நான் இந்த வருடம் விறாந்தைக்குப் போனேன்.

பள்ளிக்கூட விடுமுறை முழுக்க வீட்டிலேயே இருப்பதென்று முடிவெடுத்தேன். பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, பழைய சாமான் கடைகளில் அகப்பட்டதைத் தேய்த்து மினுக்குவது, அந்தப் பழசுக்குள் வளவுப் பூவை வைத்துப் பார்ப்பது, அதற்காக அம்மாவிடம் பேச்சு வாங்குவது என்று நாட்கள் போயின. கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிக நேரம் செலவானது.

முதலில் பூக்களைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வளவு கோண்டாவிலில், நல்ல செம்மண். மண்ணில் குறையே இல்லை, பிரச்சினையெல்லாம் தண்ணீரில்தான். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மாரியில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது, அதைத்தான் கிணறு வெட்டி அள்ளுகிறோம். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றைப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும், மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. சுண்ணாம்பு கரைந்த தண்ணீர் என்பதால் கேத்திலுக்குள் வெள்ளைப் பொருக்கு பிடிக்கிறது, பூச்சாடி விளிம்பிலும் பிடிக்கிறது, எக்சோராவுக்கு இலை மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மூன்று வருடமாக அதற்கு எருப் போடவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன், பிறகுதான் தெரிந்தது மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் இந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில் அந்தச் செடியால் அதை உறிஞ்ச முடியாது என்று. அந்தூரியம் பற்றிக் கேட்காதீர்கள். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள ஊர்ச் செடியைக் கொண்டுவந்து தென்மேற்கால் அடிக்கிற சோளகக் காற்றில் நிறுத்தினால் அது என்ன செய்யும், பாவம். இரண்டு தரம் வாங்கினேன், இரண்டு தரமும் வைகாசி தாண்டவில்லை.

அதனால் இப்போது இந்த மண்ணோடு சண்டை பிடிக்காத பூக்களோடுதான் உறவு. செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை, பின்னேரம் விரிகிற அந்திமந்தாரை, யாரும் நடாமலே கோடியில் முளைத்து நிற்கிற நித்தியகல்யாணி. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின் மருந்தை எடுப்பது இந்த நித்தியகல்யாணியில் இருந்துதான். நாங்கள் அதைப் புல்லோடு சேர்த்துப் பிடுங்கி எறிகிறோம். அப்புறம் படலையடியில் போகன்விலா. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கடதாசிப்பூ. அந்தப் பெயர்தான் சரி, ஏனென்றால் நிறமாகத் தெரிவது இதழே இல்லை, இலைதான் நிறம் மாறி நிற்கிறது, உண்மையான பூ நடுவில் வெள்ளையாகச் சின்னதாக இருக்கிறது. அதற்குத் தண்ணீர் கூடினால் இலையாகத் தள்ளும். நான் மறந்துபோய்க் காயவிட்ட வருடத்தில்தான் படலை தெரியாமல் பூத்தது. இப்படி எல்லாச் செடியும் இருந்தால் எனக்கு எவ்வளவு வசதி.

மற்றவற்றுக்குச் சாடிக்கு அடியில் பொச்சுமட்டையைக் கவிழ்த்துப் போட்டு, மேலே பூவரசம் சருகு பரப்பி, பொழுதுபட்ட பிறகு தண்ணீர் ஊற்றினால் மறுநாள் மத்தியானம் வரை தாங்கும். சாடிகளுக்குக் கீழே தட்டுக்குப் பதிலாகப் பழைய ஓடு வைத்திருக்கிறேன். பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீடு இடித்தபோது குவித்து வைத்திருந்தார்கள், கேட்டதும் தந்தார்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865இல் தொடங்கிய தொழிற்சாலைக்குப் பிறகு அந்த மாதிரி ஓடுகள் கப்பலேறி எங்கள் பக்கக் கூரைகளிலும் வந்து குந்தின. முதுகில் எழுத்துப் பதிந்த ஓட்டைக் கவிழ்த்து வைக்காமல், எழுத்துத் தெரியத்தான் வைத்திருக்கிறேன்.

இனிப் படிக்கம்.

எங்கள் பக்கத்தில் பூவை வெட்டிச் சாடியில் வைக்கிற வழக்கம் பெரிதாக இல்லை. பூ என்றால் ஒன்று சாமிக்கு, இல்லையென்றால் தலைக்கு. காலமை ஐந்து மணிக்கே பக்கத்து ஐயா ஒருவர் சொப்பிங் பையும் கொக்கத்தடியுமாக வந்து, எங்கள் மதிலுக்கு வெளியே நீட்டி நிற்கிற செவ்வரத்தை முழுவதையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். சாமிக்கு என்பதால் யாரும் கேட்க முடியாது. மதிலுக்கு உள்ளே நிற்பதும் அவருக்குச் சாமியாகத்தான் தெரிகிறது என்பது வேறு கதை. அவர் விட்டுவிட்டுப் போனதைத்தான் நான் வீட்டுக்குள் கொண்டுவருவேன்.

சித்திரையில் ஒரு பழைய சாமான் கடையில், இரும்புக் கட்டில் காலும் தையல் மெசின் சக்கரமுமாகக் குவிந்து கிடந்ததற்குள், வாய் அகன்று இடுப்புச் சிறுத்த ஒரு பித்தளைச் சாமான் கண்ணில் பட்டது. பூ வைப்பதற்கென்றே வார்த்தது போல ஒரு வடிவு. கடைக்காரரிடம் "இது என்ன அண்ணை?" என்று கேட்டேன். "பித்தளை அக்கா" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நிறுத்துத்தான் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பழப்புளியும் உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தேங்காய்த் தும்பால் மினுக்கி, ஐந்தாறு செவ்வரத்தையை வைத்து விறாந்தை மேசையில் நிறுத்தினேன். அம்மா கோவிலால் வந்து செருப்பைக் கழற்றும்போதே கண்டுவிட்டா.

"பிள்ளை, உனக்கு விசரே? அது படிக்கமடி. வெத்திலை துப்புற சாமானுக்குள்ளையோ செவ்வரத்தம் பூ வைக்கிறாய்?"

நான் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கு இன்னும் கோபம் வந்தது. எத்தனை தரம் தேய்த்தேன், எத்தனை தரம் கழுவினேன் என்று சொன்னாலும் காதில் ஏறவில்லை. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. படிக்கம் விறாந்தையோடு நிற்க வேண்டும், வீட்டுக்குள் வரக்கூடாது. அதில் சாமிக்கு வைக்கிற பூ எதுவும் போகக்கூடாது. கடதாசிப்பூ போகலாம், ஏனென்றால் அம்மாவின் கணக்கில் அது பூவே இல்லை.

அந்தச் சண்டையில் எனக்கு ஒரு லாபமும் வந்தது. செவ்வரத்தைக்குச் சாடியே தேவையில்லை என்று அம்மாதான் சொன்னா. அது ஒரு நாள் பூ. தண்ணீரில் வைத்தாலும் பொழுதுபடச் சுருண்டுவிடும், வைக்காவிட்டாலும் பொழுதுபடும் வரை அப்படியே நிற்கும். சோதித்துப் பார்த்தேன், உண்மைதான். இப்போது செவ்வரத்தையைச் சுளகில் பரப்பி வைக்கிறேன், ஜன்னல் குந்தில் சும்மா வைக்கிறேன், ஒரு நாள் எனாமல் கோப்பையில் ஒன்றே ஒன்று வைத்தேன், நீல விளிம்பு போட்ட வெள்ளைக் கோப்பை, ஒரு பக்கம் எனாமல் உரிந்து கறுப்பாக இருக்கிறது. அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு என்ன வடிவு. மல்லிகைக்கு நேரெதிர்ச் சட்டம். மூன்று மணிபோல மொட்டாகப் பிடுங்கி, ஈரத்துணி விரித்த தட்டத்தில் வைத்தால் விளக்கு வைக்கிற நேரம் ஒவ்வொன்றாக விரியும். அதை அம்மா தொடவிடமாட்டா, அவவின் வேலை அது.

எங்கள் வீட்டுப் பழசு ஒன்றும் எங்கள் வீட்டில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏன் காசு கொடுத்து மற்றவர்களின் பழசை வாங்குகிறாய் என்று கேட்பீர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். கையில் கொண்டுபோனது உடுப்பும் அரிசியும் பத்திரங்களும். பெட்டகம், கிடாரம், குத்துவிளக்கு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அவை இருந்த இடம் மட்டும் இருந்தது. தப்பின ஒன்றிரண்டு அண்டாவையும் பிறகு ஒரு காலத்தில் அம்மாவே பழைய பித்தளை எடுக்க வந்தவரிடம் கொடுத்துப் பிளாஸ்டிக் வாளி வாங்கினா. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கிணற்றில் அள்ளிச் சுமக்கிற ஆளுக்குப் பிளாஸ்டிக் வாளி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, பித்தளை வாளியைத் தூக்கிப் பார்க்காத என்னைப் போன்ற ஆளுக்கு எப்படித் தெரியும்? போர் முடிந்து ஏ9 வீதி திறந்த பிறகு மிச்சமிருந்த தூணும் கதவும் பெட்டகமும் லொறி லொறியாகத் தெற்கே போனதையும் பார்த்தோம். எஞ்சினதுதான் இந்தக் கடைகளில் கிடக்கிறது.

அப்படி வாங்கின செம்பு ஒன்றின் கழுத்தில் சி.க. என்று வெட்டியிருக்கிறது. எங்கள் ஊரில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவது வழக்கம், கலியாண வீட்டுக்கு இரவல் கொடுத்தால் மாறாமல் திரும்பி வர வேண்டுமே. அம்மா அந்தச் செம்பைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, சி.க. யாராக இருக்கலாம் என்று ஒரு பின்னேரம் முழுக்க ஊரைச் சுற்றினா, கதிரையில் இருந்தபடியே. கடைக்காரச் சின்னத்தம்பி இல்லை, அவருடைய தகப்பன் பெயர் வேறு. சிவக்கொழுந்தா? அவ இந்தியாவுக்குப் போய்விட்டா. ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாக, யார் யாருக்குக் கட்டினது, எந்தக் கிணற்றடியில் யார் விழுந்தது, யாருடைய சீதனத்தில் எத்தனை செம்பு வந்தது என்று கதை போய்க்கொண்டே இருந்தது. சி.க. அகப்படவில்லை. அந்தச் செம்பில் நந்தியாவட்டை வைத்திருக்கிறேன். அதற்கு மட்டும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் குறைந்தால் அவவே ஊற்றுகிறா.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது, பழைய பாத்திரங்களை வெளியில் அடுக்கி அழகு பார்க்கிறவர்கள் டெங்கு நுளம்பையும் சேர்த்து வளர்க்கிறார்கள். பூ வைத்த தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருக்கால் ஊற்றிவிட்டு, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்ப்பதுதான் முக்கியம், நுளம்பு முட்டையைப் பாத்திரத்தின் சுவரில்தான் ஒட்டிவைக்கிறது, அது காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும், மாரித் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். சுகாதாரப் பரிசோதகர், அதுதான் பி.எச்.ஐ., வந்து படிக்கத்தைக் கவிழ்த்துப் பார்க்கிற நிலைமை எனக்கு வேண்டாம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் கொடியேறினால் வெளிநாட்டுச் சொந்தமெல்லாம் வந்து இறங்கும். திருவிழா 25 நாள், வந்தவர்கள் பகலில் எங்கே போவது, வெயிலுக்குப் பயந்து எங்கள் விறாந்தைக்குத்தான் வந்தார்கள். கனடா மச்சாளுக்கு என்னுடைய அரிக்கன் லாம்பில் கண் போய்விட்டது. அதன் சிமினிக்குள் கொஞ்சம் மணல் போட்டுக் காய்ந்த கடதாசிப்பூக் கொத்து ஒன்றைக் குத்தி வைத்திருந்தேன். கடதாசிப்பூவில் ஒரு நல்ல குணம், காய்ந்தாலும் கன நாளைக்கு நிறம் நிற்கும். மச்சாள் எல்லாப் பக்கத்தாலும் போட்டோ எடுத்துவிட்டு, "மாமி, இது சரியான வடிவு என்ன?" என்று அம்மாவிடம் கேட்டா.

"உங்களுக்கு வடிவுதான் பிள்ளை. எனக்கு அதைப் பார்த்தால் மண்ணெண்ணெய் மணக்குது."

மச்சாளுக்கு அது பகிடியாகப் பட்டது. எனக்கு இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில், கரண்ட் இல்லாத அந்த வருடங்களில், அரிக்கன் லாம்பே எங்களுக்கு ஆடம்பரம். மண்ணெண்ணெய் அவ்வளவு குடிக்கும். வீட்டில் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள் பஞ்சு வைத்து அளந்து கொஞ்சம் எண்ணெய் விட்டு, சின்னத் திரி ஒன்றை எரியவிடுவது, சுடர் பெருவிரல் நகமளவு. அந்த வெளிச்சத்தில்தான் நான் ஓ.எல். சோதனைக்குப் படித்தேன், அம்மா அதே வெளிச்சத்தில் எதிரே இருந்து தைத்தா, நான் பக்கம் புரட்டும்போது சுடர் அசைந்தால் ஊசி விரலில் குத்தும். அந்தப் போத்தல் ஒன்று எங்காவது கிடைத்தால் வாங்குவேனா என்று யோசித்துப் பார்த்தேன். வாங்கமாட்டேன். வேறு யாராவது வாங்கி அதில் பூ வைத்தால் நானும் அம்மா மாதிரித்தான் முகத்தைச் சுழிப்பேன் போலிருக்கிறது.

மூக்குப்பேணியிலும் எனக்கு இப்படி ஒரு இடறல் இருக்கிறது. இப்போது யாழ்ப்பாணத்து அடையாளம் என்றால் உடனே மூக்குப்பேணியைத்தான் காட்டுகிறார்கள், ஹோட்டல் வரவேற்பு மேசையில்கூட நிற்கிறது. வாய் படாமல் அண்ணாந்து குடிக்க வசதியாக மூக்கு வைத்த பேணி, கைவேலையும் அருமையானது, என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்தவருக்கு மூக்குப்பேணியில் கொடுத்த அதே வீட்டில், சாதி பார்த்துப் படலைக்கு வெளியே நிறுத்தினவருக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள். தேநீர்க் கடைக்குள் சமமாக இருந்து குடிப்பதற்கே 1960களில் போராட வேண்டியிருந்த ஊர் இது. அதையெல்லாம் மறந்துவிட்டு அந்தப் பேணியைச் சும்மா அழகுப் பொருளாக மட்டும் பார்க்க எனக்கு வரவில்லை. அதில் பூ வைக்கவில்லை. வேலைக்கு வருகிறவர், தபால் கொண்டுவருகிறவர், மச்சாள், யார் தண்ணீர் கேட்டாலும் அதில்தான் கொடுக்கிறேன். பாதிப் பேர் சட்டையில் ஊற்றிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கண்டெடுப்பு சாய்மனைக் கதிரை. ஆனி மாதம் அகப்பட்டது. கை இரண்டும் முன்னுக்கு நீண்டு, கால் தூக்கிப் போட்டுப் படுக்கக்கூடிய மாதிரி, முழுக்கப் பலா மரம். ஒரு கால் ஆடியது, பிரம்பு தொட்டில் மாதிரித் தொங்கியது, அதனால்தான் எனக்குக் கட்டுப்படியான விலைக்கு வந்தது. காலைத் தச்சர் ஒருவர் அரை நாளில் சரிசெய்தார். பிரம்பை மாற்ற வேண்டும், ஆள் தேட வேண்டும் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, அம்மா குசினிக்குள் இருந்து சுடுதண்ணிக் கேத்திலோடு வந்தா. கதிரையைக் கவிழ்க்கச் சொன்னா. அடிப்பக்கம் முழுக்கச் சுடுதண்ணீரில் நனைத்த துணியைப் போட்டு ஊறவிட்டு, வெயிலில் வைக்கச் சொன்னா. ஆனி வெயிலைக் கேட்கவா வேண்டும். ஈரம் காயக் காயப் பிரம்பு இறுகி, பின்னேரம் தட்டிப் பார்த்தால் மேளம் மாதிரி இருந்தது. ஒரு இழை மட்டும் அறுந்திருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

"எங்கை அம்மா பழகினீங்கள்?" என்று கேட்டேன்.

"எங்கடை வீட்டிலை இருந்ததுதானே. ஐயாவின்ரை கதிரை. மாசத்துக்கு ஒருக்கால் அதை நனைச்சுக் காயவைக்கிறது என்ரை வேலை."

"அப்ப அதிலை படுத்து நல்லா நித்திரை கொண்டிருப்பியள்."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "பொம்பிளையள் ஆர் சாய்மனைக் கதிரையிலை இருந்தது?"

அம்மாவுக்கு இப்போது 76. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, துடைத்ததும் நனைத்ததும் காயவைத்ததும்தான், ஒரு நாளும் அதில் இருந்ததில்லை. இருங்கோ என்றேன். வேண்டாம், குனிந்து எழும்ப ஏலாது, முழங்கால் பிடிக்கும், ஆராவது வந்தால் என்ன நினைப்பினம் என்று நாலு காரணம் சொன்னா. நானும் வற்புறுத்தவில்லை. கதிரையை விறாந்தையில், சோளகம் நேரே வந்து அடிக்கிற மூலையில் போட்டேன். பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் படிக்கமும் கடதாசிப்பூவும்.

ஆடிப்பிறப்பன்று கூழ் குடித்துவிட்டு, பிலாவிலையெல்லாம் கூட்டி எறிந்துவிட்டு வந்து பார்த்தேன். அறுந்த இழையைப் பார்க்க வந்தவ போல முதலில் நுனியில் குந்தியிருக்கிறா. பிறகு எப்போது சாய்ந்தா என்று தெரியாது. கால் இரண்டும் நீட்டுக் கையில், சேலைத் தலைப்பு முகத்தில், நல்ல நித்திரை.

அன்றிலிருந்து மத்தியானத்தில் எனக்கு அந்தக் கதிரை கிடைப்பதில்லை. குந்தில் பாயைப் போட்டுப் படுக்கிறேன். நேற்று எழும்பும்போது, "அந்தப் படிக்கத்தைக் கொஞ்சம் அங்காலை தள்ளி வை, கால் முட்டுது" என்றா.